மூணாவது இடம் மட்டும் வேண்டாம்

"மத்ததெல்லாம் சரிம்மா. மூணாவது எடம் மட்டும் வேணாம்" என்றார் திம்மராயன்.

ஹெச்.ஆர். ரஞ்சிதா கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். 'அந்தமானில் அவசியம் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தலைப்பு. ஒன்று, செல்லுலார் ஜெயில். இரண்டு, ராதாநகர் பீச். மூன்று, எலிபென்ட் பீச்.

ஓசூர் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஒரு நாள்கூட லேட்டாக வராத லைன் சூப்பர்வைசருக்கு நிர்வாகம் கொடுக்கும் பரிசு இது. அடுத்த வாரம் மனைவியோடு நாலு நாள், விமானத்தில். வேறு யாராக இருந்தாலும் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருப்பார்கள். திம்மராயனுக்கு மூணாவது வரியைப் படித்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏன் சார்? அங்கதான் பவளப்பாறை எல்லாம் இருக்கு. கண்ணாடி வச்ச படகுல போயி மீன் பாக்கலாம்."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க பெரியவரு இருப்பாரும்மா."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். திம்மராயன் வீடு சானமாவு காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி அறுவடை சமயத்தில் கர்நாடகா பக்கத்திலிருந்து கும்பலாக இறங்கி வருகிற அந்த நாலுகால் விருந்தாளியின் பெயரை அவர் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிடுமாம். அதனால் 'பெரியவரு'. மூன்று வருஷத்துக்கு முன்னால் காலை ஷிப்டுக்கு மொபெட்டில் கிளம்பியவரை ஒரு பெரியவர் அரை கிலோமீட்டர் துரத்தினார். திம்மராயன் தப்பித்தார், மொபெட் அப்பளமாகிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையார் கோயிலுக்குப் போனாலும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கும்பிடுகிறார்.

ரஞ்சிதா மதுரைப் பெண். கம்பெனியில் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது. அவளுக்குத் தெரிந்த பெரியவர் ஒரே ஒருவர்தான், முதலாளி. அவர் பையன் சின்னவர்.

"பெரியவரா? அந்தமான்லயா?"

"ஆமாம்மா. அவரு எதிர்ல போயி நிக்க என்னால ஆகாது. ஒரு தடவ தொரத்துனதே ஏழு சென்மத்துக்குப் போதும்."

ரஞ்சிதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக மேனேஜர் ஐசக் ரூமுக்குப் போனாள். பெரியவர் அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போவதாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். கண்ணைக் காட்ட யாராவது அந்தமானுக்குப் போவார்களா?

மறுநாள் காலையில் ஐசக் திம்மராயனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பெரியவர் அந்தமான்ல இருப்பாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

மேனேஜரும் பெயரைச் சொல்லாமல் மரியாதையாகப் பேசுகிறாரே என்று திம்மராயனுக்கு மனசு குளிர்ந்தது. "யாரு சார் சொல்லணும்? அது அவங்க எடந்தான."

"சொந்த எடமா?"

"காலங்காலமா சார்."

ஐசக் நாற்காலியில் சாய்ந்தார். "தனியாவா போறாரு?"

"தனியா இருந்தாத்தான் சார் டேஞ்சரு. குடும்பத்தோட வந்தா அவரு பாட்டுக்குப் போயிருவாரு. ஒத்தையில சுத்தறப்ப யாரு எதுத்தாப்ல வந்தாலும் தூக்கி அடிச்சிருவாரு."

"குடிச்சிருப்பாரோ?"

"வாசன வந்தா விடமாட்டாரு சார். எங்கூர்ல ஒருக்கா ஊறல் போட்ட பானையக் கவுத்து முச்சூடும் குடிச்சிட்டு, கரும்புத் தோட்டத்துல படுத்துட்டாரு. காலையில டமாரம் அடிச்சுத்தான் எழுப்புனாங்க."

ஐசக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இருபது வருஷமாக முதலாளியை ஒரு பரிசுத்தவானாக நினைத்துக்கொண்டிருந்தவர். "இத வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

யாரிடமும் சொல்லாதே என்ற விஷயம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா? மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீனுக்குப் போய்விட்டது. நாலு மணி டீக்குப் பெரியவர் ரூமுக்கே போய்விட்டது.

கதவுக்கு வெளியே நின்று ஐசக் பல்லைக் கடித்தார். "ஊறல் குடிச்சாரு, கரும்புத் தோட்டத்துல விழுந்து கெடந்தாருன்னு சொன்னீங்கல்ல. உள்ள கூப்பிடறாரு, போங்க."

அப்போதுதான் திம்மராயனுக்கு உறைத்தது. தான் சொன்ன பெரியவர் ஒருவர், இவர்கள் எடுத்துக்கொண்ட பெரியவர் வேறொருவர். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டே வருஷம். இருபத்தாறு வருஷப் பேரை ஒரு வார்த்தையில் தொலைத்தாயிற்று.

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "திம்மராயா, நான் எப்பய்யா உன்னத் தொரத்துனேன்?" என்றார் வருத்தமாக.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். வார்த்தை தொண்டை வரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே தைல மரங்கள், அதற்கும் அப்பால் சானமாவுப் பக்கத்துக் காடு மங்கலாகத் தெரிந்தது. இங்கே சொன்னால் அங்கே காதில் விழாது என்று என்ன நிச்சயம்? வார்த்தை வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

"நீங்க இல்லீங்கய்யா. அது வேற பெரியவருங்க."

"என்னவிடப் பெரியவரா?"

"ரொம்பப் பெரியவருங்கய்யா. காது மட்டுமே இத்தாச்சோடு இருக்கும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

முதலாளிக்கும் காது கொஞ்சம் பெரிசுதான். அவர் கை தன்னை அறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தது. ஐசக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றார் முதலாளி. "பயந்த மனுசன இழுத்துட்டுப் போக வேணாம். ஐசக், இவரு பேர எடுத்துருங்க."

திம்மராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது வந்து உட்காருவதற்குள் முதலாளி தொடர்ந்தார்.

"இவரு சம்சாரமும் தொணைக்கு ஒரு அம்மாவும் போகட்டும். அந்த மூணாவது எடத்தை மட்டும் எக்காரணத்தக் கொண்டும் விட்றக் கூடாது. எனக்கு அங்க எடமும் கெடையாது, ஒரு எழவும் கெடையாதுன்னு நேர்ல பாத்துட்டு வந்து நாலு பேருக்குச் சொல்லட்டும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தான் தப்பித்துக்கொண்டு, கட்டியவளைக் கொண்டுபோய் அதன் வாயில் விட்டுவிட்டோமே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திம்மராயன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மனைவி மாதம்மாளிடம் மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை.

"நீங்க வராட்டிப் போங்க. நாகரசம்பட்டியில இருந்து எந்தங்கச்சி நாகம்மா வரா. கல்யாணமாயி முப்பது வருசத்துல நான் பாத்த பெரிய தண்ணி கிஸ்ணகிரி டேம்தான். கடலப் பாக்காம நான் சாகமாட்டன்."

"பாத்துட்டு செத்துருவியோன்னுதான் பயமா இருக்குது."

"அங்க போயி ஒன்னும் ஆவாது. வாயக் கழுவுங்க."

கிளம்புகிற நாள் காலையில் நாகம்மா ஒரு முழு வாழைத்தாரோடு வந்து இறங்கினாள். போகிற இடத்தில் சோறு எப்படி இருக்குமோ என்று மாதம்மாள் ராகி மாவு, ஒரு தூக்கு வெல்லம், எள்ளுருண்டை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். திம்மராயன் பையைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அறிவு இருக்குதா? இது பூரா அவருக்கு உசுரு. வாசனயப் புடிச்சிட்டு பத்து மைலு வருவாரு."

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வாசல் கட்டிலில் அடுக்கினார். வெல்லத் தூக்கு, ராகி மாவு, எள்ளுருண்டை, கடைசியில் வாழைத்தார். பையில் புடவையும் தேங்காய் எண்ணெயும் மட்டும்தான் மிச்சம். எண்ணெயையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"எதிர்ல வந்தா நேரா ஓடாத, வளஞ்சு வளஞ்சு ஓடு. பளிச்சுனு சேல கட்டாத. பேர மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத" என்றார். கார் கிளம்பும்போது கண்ணீரே வந்துவிட்டது. நாகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு நாள் திம்மராயன் லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தார். அடுப்புப் பற்ற வைக்கத் தோன்றவில்லை. கட்டிலில் இருந்ததை எடுத்து உள்ளே வைக்கவும் தோன்றவில்லை. தார் பழுத்துத் தெருவே மணத்தது. பக்கத்து வீட்டு வெங்கடசாமிகூட, "என்னண்ணா, மண்டி வச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள்தான் மூணாவது இடம். காலை ஏழு மணிக்கே போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஏழே முக்காலுக்கு வீடியோ கால் வந்தது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தை அழுத்திவிட்டு, மூணாவது தடவைதான் எடுத்தார்.

திரை முழுக்க நீலம். அதன் நடுவில் மாதம்மாள், முழங்கால் வரை நனைந்த மஞ்சள் சேலையில். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுநாளாகிறது.

"ஏங்க, கடலு தெரியுதா? எத்தாப் பெருசு பாருங்க. முடியவே மாட்டேங்குது."

"கடலு கெடக்கட்டும். அவரு இருக்கறாரா?"

"யாருமே இல்லீங்க. மனுசங்களும் மீனுந்தான். கைடு தம்பியக் கேட்டன். ஒரு காலத்துல மரம் இழுக்க வச்சிருந்தாங்களாம், பேரு மட்டும் நெலச்சுப் போச்சாம். நம்ம பக்கத்துத் தமிழ்த் தம்பிதான். இங்கியே நிக்குது, பேசறீங்களா?"

திம்மராயன் நம்பவில்லை. "மரத்துக்குப் பின்னால பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு. நீங்கதான் பேரச் சொன்னா வரும், சொன்னா வரும்னு முப்பது வருசமா உசுர வாங்கினீங்க. இப்ப சொல்றன் பாருங்க. யானை. யானை. யானை. வந்துச்சா?"

கீழே கம்பி வேலி படக்கென்று அறுந்தது.

தெருக்கோடியிலிருந்து வெங்கடசாமி கத்துவது கேட்டது, கன்னடத்தில் "ஆனெ பந்த்து" என்று ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. திம்மராயன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எட்டிப் பார்த்தார். கட்டில் ஒடிந்து கிடந்தது. ராகி மாவு மூஞ்சியெல்லாம் அப்பியிருக்க, வாழைத்தாரை அப்படியே தூக்கி வாயில் வைத்துக்கொண்டு நின்றது அது. ஒற்றை ஆள். சாவகாசமாகத் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தது.

"ஏங்க, ஏன் பேச மாட்டேங்கறீங்க? என்ன ஆச்சு?"

அவர் போனைக் கீழே பார்த்த மாதிரி திருப்பிப் பிடித்தார்.

அந்தப் பக்கம் மாதம்மாள் "ஐயோ" என்றாள். நாகம்மா ஓடி வந்தாள். படகு ஏறப் போனவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள், இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திபுதிபுவென்று வந்து அந்தச் சின்னப் போனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினார். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். மாதம்மாள் அழுதுகொண்டே, "உள்ள போங்க, கீழ எறங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைடு தம்பி குனிந்து திரையைப் பார்த்தான். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு சொன்னான்:

"பதினஞ்சு வருசமா இந்த எலிபென்ட் பீச்சுல வேல பாக்கறேன்மா. இன்னைக்குத்தான் மொத தடவையா இங்க யானையப் பாக்கறேன்."