வடக்கு மூலை இருட்டு

இனிமேல் திசை தெரிந்துகொள்ள எந்த அதிகாரியையும், எந்த செல்போனையும் கேட்பதில்லை என்று கலியமூர்த்தி தை மாதம் முதல் தேதி முடிவெடுத்தார். நட்சத்திரம் யாருக்கும் சலாம் போடாமல் வழிகாட்டுகிறது. மூடிப்போன மில்லில் முப்பத்தெட்டு வருஷம் சங்கம் நடத்தியவருக்கு அந்தக் குணம் பிடித்துப்போயிற்று.

பெரிய மார்க்கெட் வாசலில் நட்சத்திரம் பார்ப்பது பற்றி ஒரு சிறுநூல் வாங்கினார். முப்பத்திரண்டே பக்கம். அதற்கு மேல் போன புத்தகத்தை அவர் நம்புவதில்லை. உண்மையைச் சொல்ல முப்பத்திரண்டு பக்கம் போதும், மிச்சமெல்லாம் முதலாளிக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

மூலக்குளத்தில் அவர் வீட்டு மொட்டைமாடியில் தினம் எட்டு மணிக்கு வகுப்பு. வாத்தியாரும் அவரே, மாணவரும் அவரே. நடுவானில் வரிசையாக நின்ற மூன்று நட்சத்திரங்களைப் பிடித்தார். அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டி ரோகிணியைப் பிடித்தார். மறுபக்கம் நீட்டி, வானத்திலேயே பளபளப்பான சிரியஸைப் பிடித்தார். மாசி பாதி வருவதற்குள் பாக்கி ஒன்றே ஒன்றுதான்: துருவ நட்சத்திரம். அது நம் ஊரில் வடக்கே வெகு தாழ்வாக, மங்கலாகத்தான் தெரியுமாம். அதைக் காட்டிக் கொடுக்கும் சப்தரிஷி மண்டலம் எட்டு மணிக்குப் போதிய உயரம் ஏற இன்னும் பத்து நாள் வேண்டும்.

நல்ல வேளை, தெருவின் வடக்கு மூலையில் விளக்குக் கம்பம் கிடையாது. ஊர் பூராவும் பால் வெளிச்சம். அங்கே மட்டும் மை இருட்டு.

அந்த இருட்டில்தான் அவர் மனைவி தனக்கொடி காய்கறிப் பையோடு தடுக்கி விழுந்தாள்.

"ஏங்க, அந்த மூலையில ஒரு லைட்டு போடச் சொல்லி எழுதிக் குடுங்களேன். தக்காளி பூரா சாக்கடையில."

"இருட்டு இயற்கை, தனம். வெளிச்சம் ஆடம்பரம்."

"என் முட்டிக்கு அது தெரியலீங்களே."

"பத்து நாள் பொறு. வானத்துல எனக்கு ஒரு வேல பாக்கி இருக்குது."

"வானத்துக்குப் போறதுக்கு என்னங்க அவசரம்? இருந்துட்டுப் போங்க."

"பேனாவத் தொட மாட்டேன். இது கொள்கை முடிவு."

தனக்கொடி பேசாமல் உள்ளே போனாள். மில் நிர்வாகம் இப்படித் திடீரென்று வாயை மூடினால் கலியமூர்த்தி அன்றைக்கே ஊழியர் கூட்டம் போட்டுவிடுவார். வீட்டில் அந்த மூக்கு வேலை செய்யவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. தெருப் பெண்கள் பதினான்கு பேர் பெயரில், விளக்குக் கேட்டு மனு. எதிரியின் துண்டுப்பிரசுரத்தைப் படிப்பதில் தவறில்லை என்று கையில் எடுத்தார்.

'தங்கள் பொன்னான நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது யாதெனில், தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், ஒரு சிறிய விளக்கு...'

கலியமூர்த்திக்கு ரத்தம் கொதித்தது.

"தனம்! யாரு எழுதுன மனு இது?"

"எதுத்த வீட்டு ஜோவிதா எழுதுச்சி. நீங்க பாக்காதீங்க. உங்க கொள்கைக்கு ஆவாது."

"வரி கட்டுறவன் அதிகாரிகிட்ட மன்னிப்புக் கேக்குறதா?"

"பொம்பளைங்க நாங்க. கெஞ்சித்தான கேக்க முடியும்?"

"கெஞ்சறதா! நான் இருக்கிற தெருவுலயா!"

விளக்கு வேண்டாம் என்பது வேறு, கேட்டால் நிமிர்ந்து கேட்க வேண்டும் என்பது வேறு. ஒரே ஒரு சொல்லை மட்டும் அடிப்போம் என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'தாழ்மையுடன்' போயிற்று. 'மன்னிக்கவும்' போயிற்று. 'சிறிய விளக்கு' என்பது 'உயர் கம்பத்தில் நூற்றிருபது வாட் விளக்கு' ஆயிற்று. 'எங்கள் தெருவை இருட்டில் வைத்திருப்பது எங்களையே இருட்டடிப்புச் செய்வது' என்று நடுவில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது. 'ஏழு நாட்களுக்குள் வெளிச்சம் வராவிட்டால் தீப்பந்தம் ஏந்தி அலுவலகம் வருவோம்' என்று முடித்து, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

கெஞ்சியே கேட்டிருந்தால் அந்தக் கோப்பு ஆடி மாதம் வரை தூங்கியிருக்கும் என்பது கை கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடி வந்தார். மேஜை காலி.

கெடுவின் ஏழாம் நாள் காலையில் கிரேன் வந்துவிட்டது. கம்பத்தை நட்டு முடித்த பொறியாளர் கலியமூர்த்தியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, கையெழுத்து பதினாலு. எழுத்து நட உங்களுது. படிச்சதும் தீப்பந்தத்தோட நீங்களே மாடிப்படி ஏறி வர்ற மாதிரி இருந்துச்சி."

ஜோவிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்கு அப்படிக் கெஞ்சி எழுதவே வராதுண்ணே. அக்காதான் பக்கத்துல உக்காந்து, இன்னும் கொஞ்சம் காலுல வுழு, இன்னும் கொஞ்சம் வுழுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

கலியமூர்த்தி மனைவியைப் பார்த்தார். அவள் விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எட்டு மணிக்கு மாடி ஏறினார். சப்தரிஷி மண்டலம் சொன்ன தேதிக்குச் சரியாக ஏறி நின்றது. வழிகாட்டும் இரண்டு நட்சத்திரங்களைப் பிடித்து, சிறுநூலில் கண்டபடி கோட்டை ஐந்து மடங்கு நீட்டினார். கோடு நேராகப் போய் நூற்றிருபது வாட்டில் முடிந்தது.

தனக்கொடி டீயோடு வந்தாள்.

"கெடச்சுதாங்க?"

"கெடச்சுது. நான் கேட்ட வாட்டுலயே கெடச்சுது."

"கோவமா?"

"கோவந்தான். இனிமே உன்கூடப் பேச்சே கெடையாது."

"சரிங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க மனுவத் தெருவே கூடி நின்னு படிச்சுது. ஒரு வரி படிக்கிறப்ப ரெண்டு பேருக்குக் கண்ணே கலங்கிடுச்சி."

கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீயை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"எந்த வரி?" என்றார்.