மடியில் மருமகள், ஸ்டாண்டில் கேமரா

கனமாக இருப்பதெல்லாம் நல்ல சாமான். இது என் கொள்கை, இன்றைக்கும் இதிலிருந்து நான் இறங்கி வரவில்லை. வில்லியனூரில் பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருப்பவன் வேறு கொள்கை வைத்துக்கொண்டால் கடையை மூட வேண்டியதுதான். மோட்டார் வாங்க வரும் விவசாயி அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார். தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். லேசாக இருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நான் கேமரா வாங்கியதும் இப்படித்தான்.

புதுச்சேரி டவுனில் ஒரு கல்யாணப் போட்டோகிராபர் தன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தொழில்காரர்கள் வைத்துக்கொள்ளும் பெரிய ரகம். பல வருஷம் உழைத்ததில் மூலைகளில் கறுப்புப் பெயிண்ட் உரிந்து உள்ளேயிருந்த உலோகம் தெரிந்தது. ஒரு பட்டனைக்கூட நான் அமுக்கிப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தேன். (அரை எச்பி மோட்டாரைத் தினமும் தூக்குகிற கை, அதற்கே பிடித்துப்போனது.) தொழில்காரர்கள் வைத்துக்கொள்கிற ரகம் என்பதால் இதில் பிளாஷ் சேர்ந்து வராது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ வசதியும் கிடையாது என்று அவர் எச்சரித்தார். ‘விஷயம் தெரிந்த உங்களுக்கு அதெல்லாம் எதற்கு’ என்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் அது என் கழுத்தில் தொங்கியது. சந்தைக்குப் போனாலும் தொங்கியது, சாவுக்குப் போனாலும் தொங்கியது. கைப்பேசியில் படம் எடுத்தால் புகை மூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி தெரிந்த காலம் அது. எங்கள் ஊரான உறுவையாற்றில் தெருவில் என்னைப் பார்த்தால் பெண்கள் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மாலதியின் மகள் தாரணிக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். மாலதியைப் பாகூரில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் குமரனின் குலதெய்வம் ஏம்பலம் பக்கத்தில் வயலுக்கு நடுவே இருக்கும் ஓர் அம்மன். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாலதிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மடியும் என்னுடையதுதான். சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் என் செலவு. அவற்றை நான் குறைவில்லாமல் செய்தேன். (இதை யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.)

குமரன் ஒரு ஸ்டுடியோக்காரரை ஏற்பாடு செய்யலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் குடும்பத்தில் தொழில்முறை கேமரா ஒன்று இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டேன். மாலதிதான் யோசித்தாள்.

“ணா, நீ மடியில ஒக்காந்துட்டா படத்த யாரு எடுப்பா?”

ஸ்டாண்டில் மாட்டி டைமர் வைத்துவிட்டு நான் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று விளக்கினேன். அவள் சமாதானமாகவில்லை.

“எனக்கு வேற எந்தப் படமும் வேணாம். உன் மடியில ஒக்காந்து அவளுக்குக் காது குத்தணும், அந்த ஒரு படம் போதும். அத மட்டும் கோட்ட வுட்டுடாத.”

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாய்மாமன் ஏதோ கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாத கோபத்தில் மாலதியின் காதுகுத்துக்கு வரவே இல்லை. கடைசியில் பெரியப்பா மடியில் வைத்துக் குத்தினார்கள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து எதற்குப் போய்வந்தாலும் மாலதி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அவள் மகளுக்கு அந்தக் குறை வரக்கூடாது. அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் யாரும் இல்லை என்று நினைத்தேன்.

இந்தக் கதையில் இன்னொரு கேமரா உண்டு. குமரனின் அக்கா விஜயா, எனக்கு முறைக்கு அண்ணி. மூலக்குளத்தில் வீடு, மகன் பிரான்சில். அவன் போன முறை வந்தபோது அம்மாவுக்கு ஒரு சின்ன கேமரா கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சோப்புக் கட்டி அளவு, சிவப்பு நிறம். அண்ணி அதைப் பர்ஸில் சில்லறையோடும் மாத்திரையோடும் போட்டு வைத்திருப்பார். ஒரு கேமராவை அப்படிப் போட்டு வைக்கலாமா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாகூரில் எல்லோரும் கூடியபோது இரண்டு கேமராக்களுக்கும் போட்டி வைத்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.) வீட்டுக்குப் பின்னால் இருந்த கரும்பை இரண்டிலும் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினேன். என் படத்தில் கரும்பு இலையின் மெல்லிய சுணை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணியின் படத்தில் பச்சையாக ஏதோ இருந்தது. சென்சார் என்றால் என்ன, அது பெரிதாக இருந்தால் வெளிச்சத்தை எப்படி வாங்கும் என்று காபி ஆறும்வரை பேசினேன்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “கரும்பு நல்லா வந்துகீது தம்பி. இது பர்ஸ்ல அடங்குது. உன்னுத எங்க வெப்ப?” என்று மட்டும் கேட்டார். அறியாதவர் கேள்வி என்று விட்டுவிட்டேன்.

காதுகுத்து நாள் வந்தது. புது வேட்டி, கழுத்தில் கேமரா, கையில் நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்டாண்ட். வந்தவர்கள் சீர்த்தட்டைப் பார்க்காமல் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். மொட்டை வெளியே வேப்பமரத்தடியில் நடந்தது. வெளிச்சம் இருந்ததால் அந்தப் படங்கள் அருமையாக வந்தன. இன்றைக்கும் யாராவது வாய் திறந்தால் அந்த மொட்டைப் படங்களை எடுத்துக் காட்டுவேன். தாரணியின் தலையில் பூசிய சந்தனத்தில் விரல் ரேகைகூடத் தெரியும்.

காது குத்துவது கோயில் மண்டபத்துக்குள். அங்கே ஒரே ஒரு பல்ப், அதுவும் அம்மனுக்கு. என் கேமராவில் பிளாஷ் இல்லை. ஆனால் அதற்கும் வழி எனக்குத் தெரியும். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் இருட்டிலும் படம் விழும், ஒரு சாண் முன்னே பின்னே இருப்பது மட்டும் மங்கிவிடும். நான் உட்கார வேண்டிய இடம் காலியாக இருந்ததால், அதன் பக்கத்தில் இருந்த சீர்த்தட்டைக் குறிவைத்து போகஸ் செய்தேன். டைமரைத் தட்டினேன். பத்து விநாடி. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மணையில் உட்கார்ந்து தாரணியை மடியில் வாங்கிக்கொண்டேன்.

க்ளிக் என்றது. காது குத்த வந்த ஆசாரி இன்னும் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் குத்துங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். புள்ளை அசையாமல் இருக்கும்போதுதான் குத்துவேன், கேமராவுக்கெல்லாம் குத்த முடியாது என்றார். நியாயமான பதில்தான். ஆனால் அன்று எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. எழுந்து போய்த் தட்டிவிட்டு மறுபடி ஓடிவந்தேன். மறுபடி க்ளிக் முந்திக்கொண்டது. மூன்றாம் முறை ஓடியபோது, மாமா தன்னோடு விளையாடுகிறான் என்று நினைத்துத் தாரணியும் என் பின்னாலேயே ஓடிவந்தாள். மொட்டைத் தலையோடு அவள் ஓட, மண்டபமே சிரித்தது. மாலதி மட்டும் சிரிக்கவில்லை.

நான்காம் முறை எல்லாம் கூடிவந்தது. வாயில் வெல்லக்கட்டியை அடக்கிக்கொண்டு தாரணி என் மடியில் அமைதியாக இருந்தாள். ஆசாரி குனிந்து அவள் வலது காதைப் பிடித்தார். எல்லோரும் அந்தக் காதையே பார்த்தார்கள். நான் மட்டும் கேமராவைப் பார்த்தேன்.

அது தலையாட்டியது.

இரவல் ஸ்டாண்ட் சின்ன கேமராவுக்கானது. என்னுடையதன் கனத்தை அதன் கழுத்து தாங்கவில்லை. மதிய பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் மாதிரி கேமரா மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்தது. பிறகு ஸ்டாண்டின் பின்கால் தரையைவிட்டுக் கிளம்பியது. கீழே கருங்கல் தரை. அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று பிற்பாடு பலர் விசாரித்தார்கள். எதுவும் நினைக்கவில்லை. பக்கத்தில் விஜயா அண்ணியின் கணவர் ராமலிங்கம் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தி எப்போது போடுவார்கள் என்பதைத் தவிர உலகத்தில் வேறெதிலும் தலையிடாத மனுஷர். “கொஞ்சம் புடிங்கணா” என்று குழந்தையை அவர் மடிக்கு மாற்றிவிட்டுப் பாய்ந்தேன்.

பிடித்துவிட்டேன். முட்டி தேய்ந்தது, வேட்டி அவிழ்ந்தது, ஆனால் கேமராவில் ஒரு கீறல் இல்லை. தரையில் கிடந்தபடியே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன்.

மாமன் பறந்ததை வாய் பிளந்து பார்த்த தாரணி சிலையாக உட்கார்ந்திருந்தாள். இதைவிட அசையாத குழந்தை கிடைக்காது என்று ஆசாரி குத்திவிட்டார். அவர் கண்ணுக்குக் காது மட்டும்தான் தெரிந்தது. அது யார் மடியில் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

ராமலிங்கம் அண்ணனும் ஒரு வகையில் மாமாதான், அத்தை புருஷன். ஆனால் காதுகுத்துச் சபையில் அந்த மாமா செல்லாது. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் மண்டபமே மாலதியைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் தாரணி வீறிட்டாள்.

மாலதி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

“நம்ம மாமன் வரவே இல்லணா. நீ வந்து, மடியில வெச்சிக்கினு, எறக்கி வுட்டுட்டுப் போயிட்ட.”

என் வாழ்க்கையில் நான் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை. கையில் இருந்த கேமரா அப்போதுதான் உண்மையிலேயே கனத்தது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஆசாரியைப் பார்த்தேன். அவர் அடுத்த தோட்டைக் கையில் எடுத்தபடி, இன்னொரு காது இருக்கிறதே என்றார். அந்த மனுஷரை நான் அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாலதி என் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். ராமலிங்கம் அண்ணனிடமிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு, கேமராவை அவர் மடியில் வைத்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். “அண்ணி, நீங்க எடுங்க” என்றாள். விஜயா அண்ணி பர்ஸைத் திறந்து, மாத்திரை அட்டையை ஒதுக்கி, சிவப்பு கேமராவை எடுத்தார்.

இந்த முறை தாரணிக்கு எல்லாம் தெரியும். ஒரு காதில் பட்ட பாடு போதாதா? அவள் உதைத்தாள், கடித்தாள், என் மூக்கைப் பிடித்துத் திருகினாள். நான் விடவில்லை. கூரை இடிந்து விழுந்தாலும் விடுவதில்லை என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தவும் பிளாஷ் அடிக்கவும் சரியாக இருந்தது.

அண்ணி கேமராவிலேயே படத்தைக் காட்டினார். தாரணியின் வாய் திறந்திருந்தது. என் வாய் அதைவிடப் பெரிதாகத் திறந்திருந்தது. யாருக்குக் காது குத்தினார்கள் என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் இருவர் கண்ணும் எல்லைச்சாமி கண் மாதிரிச் சிவப்பாக இருந்தது. ஆனால் மடி என்னுடையது, மருமகள் என் மடியில், ஆசாரியின் கை அவள் காதில். மாலதி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு என் கேமராவில் விழுந்த டைமர் படங்களையும் பார்த்தார்கள். முதல் மூன்றிலும் நான், தாரணி, ஆசாரி எல்லோரும் கலங்கிய தண்ணீரில் தெரிகிற மாதிரி இருந்தோம். சீர்த்தட்டில் இருந்த ஓர் ஆரஞ்சுப் பழம் மட்டும் தோலில் உள்ள புள்ளிகூடத் தெரியும்படி விழுந்திருந்தது. நெஞ்சோடு அணைத்தபோது விழுந்த நான்காவதில் வெறும் இருட்டு. விஜயா அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “பழம் நல்லா விழுந்துகீது தம்பி” என்றார். அவர் கிண்டல் செய்தாரா, மனசாரச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

பிறகுதான் தெரிந்தது, நான் பறந்ததையும் அண்ணி எடுத்துவிட்டுக் கேமராவைப் பர்ஸில் திரும்பப் போட்டிருந்தார் என்று. அந்தக் களேபரத்தில் பிளாஷ் அடித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. மாலதி வீட்டுக் கூடத்தில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்றில் தாரணி என் மடியில் அலறுகிறாள். இன்னொன்றில் நான் அவிழ்ந்த வேட்டியோடு ஒரு கேமராவைத் தாலாட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறேன், பின்னால் ராமலிங்கம் அண்ணன் குழந்தையோடு பந்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் இரண்டாவது படத்துக்குத்தான் விளக்கம் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு கேமரா இரண்டே வருஷத்தில் லென்ஸில் மண் புகுந்து நின்றுபோனது. என்னுடையது இன்னும் ஓடுகிறது. கரும்பு, மோட்டார், மொட்டை எதை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். கேமராவைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

தாரணி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தாய்மாமன் என்ற உரிமையில் படிப்பு, சிநேகிதம், வண்டி ஓட்டும் வேகம் பற்றி அவளுக்குப் புத்தி சொல்லத் தொடங்குவேன். அவள் பொறுமையாகக் கேட்பாள். நடுவில் கையை நீட்டி நிறுத்துவாள்.

“மாமா, இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது உன்னுது இல்ல.”

நான் எழுந்து அவள் இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.