எங்கள் வீட்டு முன்னால் மட்டும் நடைபாதை வேண்டாம்

"என் புல்தரையில கண்டவனும் செருப்போட நடக்கறதுக்கு நான் என்ன சத்திரமா நடத்தறேன்?"

வெண்டல் அன்று காலை கேட்டது இது. கேட்டது கட்டின பெண்டாட்டியான என்னை இல்லை, ஜன்னலை. முக்கியமான விஷயங்களை என் கணவர் ஜன்னலிடம்தான் பேசுவார்.

எங்கள் க்ளோவர்ஃபீல்ட் குடியிருப்பு காகிதத்தில் பிறந்தது. தெரு இவ்வளவு அகலம், மனை இவ்வளவு நீளம், இரண்டு பக்கமும் நடைபாதை என்று ஒஹையோவின் சோளக்காட்டில் கோடு போட்டு விற்றார்கள். வீடுகள் வந்தன, விளக்குகள் வந்தன, நடைபாதை மட்டும் கடைசிக்குத் தள்ளிப் போயிற்று. இப்போது சிமெண்ட் லாரி எங்கள் வளைவுக்கே வந்துவிட்டது.

"நடக்கப் போறது கண்டவன் இல்லீங்க, நான்," என்றேன்.

"உனக்கு எதுக்கு நடை? கார் இருக்கு, நான் இருக்கேன்."

இந்த இரண்டும்தான் என் கஷ்டம். ஓரப்பார்வை போய்விட்டது என்று என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒரு நூல்கண்டு வாங்கவும் மனுஷனிடம் மனுப் போடணும். "இப்பவேவா?" என்பார். பேஸ்பால் முடியட்டும் என்பார். அது முடிவதற்குள் கடை மூடிவிடும். கடைத்தெருவோ கூப்பிடு தூரம். ஆனால் எங்கள் மனை வளைவில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டத் தெருவில் இறங்கணும். பக்கவாட்டில் வரும் வண்டி எனக்குத் தெரியாது. மேலே ஏறின பிறகுதான் தெரியும்.

புல்தரை மேலேயே நடந்துவிட்டுப் போயேன் என்பீர்கள். அங்கேதான் மேடு இருக்கிறது. எதிர்வீட்டுப் புல்தரை தன்னுடையதைவிட உயரமாகத் தெரிகிறதாம் இவருக்கு! அதற்காகப் போன வசந்தத்தில் மண் அடித்து எழுப்பியது. ஒட்டகத்தின் முதுகுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த மாதிரி நிற்கும். அதன்மேல் நானும் கால் வைக்கக்கூடாது, தபால்காரரும் வைக்கக்கூடாது.

"ஊர்க்குழுகிட்ட விதிவிலக்கு கேக்கப் போறேன்," என்றார். அதாவது தெரு முழுக்க நடைபாதை வரும், எங்கள் வீட்டு முன்னால் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

"காரணம் சொல்லணும். நிலம் செங்குத்தா இருக்கு, அதுல பாதை போட்டா ஆளு வழுக்கி விழும்னு சொல்லணும்."

"எந்த ஆளு?"

"நீதான்." முதல்முறையாக ஜன்னலை விட்டு என்னைப் பார்த்தார். "பாதிக்குருடு பொண்டாட்டி, பனிக்காலம், சரிவுப் பாதை. கேக்கறவங்களுக்குக் கண்ணீர் வரும், லொரேட்டா."

என் கண்ணை வைத்து என் காலைக் கட்டப் பார்க்கிறார். இவ்வளவு மூளையை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ!

ஊருக்குச் சொல்லாமல் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. அதனால் எங்கள் புல்தரையில் அறிவிப்புப் பலகை நட்டார்கள். மேட்டில் குழி தோண்டிவிட்டார்களே என்று மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"நீயும் விசாரணைக்கு வரணும்," என்றார். "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ. என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நட. மைக்ல ஒரே வார்த்தை, 'ஆமாம்'. அவ்வளவுதான்."

"சரிங்க," என்றேன். நான் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்தால் பயப்பட வேண்டும் என்பது இன்னும் அவருக்குத் தெரியவில்லை.

ஊர்மண்டபத்தில் வெண்டல் உருகினார். "இயற்கையே இப்படி ஒரு சரிவைக் குடுத்துடுச்சு, மேடம். என் மனைவி விழுந்தா நான் தாங்குவேனா?" கைக்குட்டை கூட எடுத்தார். குழுவின் தலைவி ரோவீனா கிளிங்கர் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா, திருமதி ஹூபர்?"

கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசக் கன்னியாஸ்திரிகளிடம் ஸ்கேலடி வாங்கிக் கற்றவள் நான்.

"ஆமாம். அவர் சொல்றது நிஜம்தான், மேடு ரொம்பச் செங்குத்து. பாவம், அதைத் தனியாளா எழுப்பினாரே! லாரி மண்ணை அவரே வாரிக் கொட்டி, முதுகு பிடிச்சு, நான்தான் தைலம் தேய்ச்சுவிட்டேன். முன்னாடி அந்த நிலம் மேஜை மாதிரி இருந்தது. இப்படி ஒரு உழைப்பாளியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"திரு. ஹூபர்," என்றாள் ரோவீனா, "நிலத்துல இருக்கற குறைக்குத்தான் விதிவிலக்கு. நீங்களே உண்டாக்கின குறைக்கு இல்லை. நடைபாதை வரும். அதுக்குள்ள அந்த மேட்டை நீங்களே எடுத்துடுங்க."

 வீட்டுக்கு வந்ததும் நேரே ஜன்னலிடம் போனார். "ஒரே ஒரு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன்?"

"முதல்ல அதைத்தானே சொன்னேன்!"

ஏற்றிய மண்வெட்டியாலேயே மேட்டை இறக்கினார். இந்தத் தடவை தைலம் தேய்க்க எனக்குக் கண் தெரியவில்லை.

பனிக்காலம் வந்தது. வீட்டு முன்னால் நடைபாதையில் விழும் பனியை வீட்டுக்காரர்தான் அள்ளணும், அதுவும் விதி. வளைவு மனை ஆச்சே, தெருவிலேயே நீளமான பாதை எங்களுடையது. வெண்டல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்தார். நான் கோட்டை மாட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு, அவர் அள்ளின பாதையில் அவரைத் தாண்டிப் போனேன். நல்ல பாதை. எங்கேயும் பல் விழவில்லை.

"லொரேட்டா! வர்றப்போ பனி கரைக்கற உப்பு ஒரு மூட்டை வாங்கிட்டு வாயேன்!"

நான் வளைவில் திரும்பிவிட்டேன். மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"லொரேட்டா... வந்துடுவேல்ல?"