தொட்டுப்பாருவின் நேரலை

செல்போனுக்குக் கண்ணும் காதும் மட்டுமல்ல, தோலும் மூக்கும்கூட உண்டு என்று மனதார நம்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். அதனால் அந்த நம்பிக்கையின் பலன்களில் பாதி என் தலையில்தான் விடிந்தது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். தெருவுக்கு அது தேவைப்படவில்லை. ‘தொட்டுப்பாரு’ என்றால் பால்காரரிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் வரை வழி சொல்லிவிடுவார்கள். நாலு தறிக்கு நூல் கொடுத்துப் பட்டுப்புடவை நெய்யவைத்து, கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை வீட்டுக்கே கூட்டிவந்து விற்பது அவர் தொழில். வந்தவர்களைப் பாயில் உட்காரவைத்து, காபி கொடுத்து, முந்தானையைப் பிரித்து மடியில் போடுவார். “தொட்டுப் பாரும்மா” என்பார். அதோடு சரி, வாயைத் திறக்கமாட்டார். தொட்டவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

அவருடைய ஒரே மகள் வளர்மதி, காந்தி ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை நின்றபடியே புடவை பிரிக்க வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் வீங்கிப்போன பாதங்களைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்துக்கொண்டு அறிவித்தாள்: “இனிமே உக்காந்துதான் சம்பாதிக்கப்போறேன்பா. போன்ல லைவ் போட்டு நம்ம பொடவைய நாமே விக்கலாம். தீபாவளி சீசன் வரைக்கும் பாக்குறேன். ஓடலைன்னா சீசனுக்கு ஆள் எடுப்பாங்க, திரும்பிப் போய் நின்னுக்கறேன்.”

“ஓடாம இன்னாம்மா, நாலு தறி இருக்குது” என்றார் தொட்டுப்பாரு. லைவ் என்றால் என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது.

போனை மாட்டிவைக்கும் ஸ்டாண்டுக்கு ஆர்டர் போட்டிருந்தாள். அது வந்து சேரும்வரை மாடிவீட்டு சார்தான் ஸ்டாண்டு என்று முடிவாகியிருந்தது. என்னைக் கேட்காமல்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் வாரம் முழுக்கப் பிறருடைய ஆயுளைப் பற்றிக் கவலைப்படுகிறவன் நான். எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒன்றுதான். அதுவும் போயிற்று.

முதல் நேரலை. நான் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன். வளர்மதி சிரித்த முகமாய் வணக்கம் சொல்கிறாள். பின்னாலிருந்து தொட்டுப்பாரு கேட்டார்: “எத்தினி பேர் வந்துக்கிறாங்க?”

“பதினாலு பேர் பாக்குறாங்கபா.”

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய தாம்பாளத்தில் பதினாலு டம்ளர் காபியோடு வந்து, போனுக்கு முன்னால் நீட்டி, “வெயில்ல வந்துருப்பீங்க, மொதல்ல ஒரு வாய் குடிங்கம்மா” என்றார். வளர்மதிக்கு முகம் சிவந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ‘சர்க்கரை கம்மியா போடுங்க’ என்று எழுதினார். தொட்டுப்பாரு அவருக்கு மட்டும் தனியாக ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு காபியையும் யார் குடித்தது என்கிறீர்கள்? ஸ்டாண்டு குடித்தது.

அடுத்து, ஒரு மயில்கழுத்து நிறப் புடவையைப் பிரித்தார். முந்தானையை எடுத்தார். நேராகப் போனின் முகத்தில் வைத்து அழுத்தித் தேய்த்து, “தொட்டுப் பாரும்மா” என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே இருட்டு. பாதிப் பேர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

“அப்பா! கேமராவை மூடிட்டேபா!”

“மூடாம எப்பிடிமா தொடுவாங்க?”

அவள் முந்தானையை விலக்கிவிட்டு, போனின் முகத்தைத் துடைத்தாள்.

இன்னொரு ஞாயிறு, ஒரு அம்மாள் ‘அசல் பட்டுதானா?’ என்று கேட்டு எழுதினார். தொட்டுப்பாருவுக்குச் சுருக்கென்றது. புடவை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார், தீக்குச்சியைக் கிழித்தார், எரிகிற நூலைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, “மோந்து பாரு. முடி கருகுற வாசனை வருதா? அதான் பட்டு” என்றார். வாசனை வந்தது. பட்டிலிருந்து கொஞ்சம், போன் உறையிலிருந்து கொஞ்சம், என் கட்டைவிரலிலிருந்து கொஞ்சம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணி புடவையைப் பார்த்தார், சொன்ன விலையை அப்படியே போனில் அனுப்பிவிட்டார். வளர்மதி துள்ளிக் குதித்தாள். தொட்டுப்பாருவோ இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். “ஒரு வார்த்தை பேரம் பேசல. நம்மளை மனுசனாவே மதிக்கலியே” என்றவர், உடனே அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, எங்கமேல எதுனா கோவமா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. விலை சரியாத்தானுங்க இருக்குது.”

“அப்பிடி சொல்லக்கூடாதும்மா. நீ கொறைச்சுக் கேளு. நான் கட்டுப்படியாவாதுன்னு சொல்றேன். நீ எழுந்து போற மாதிரி போனை வையி. நான் திருப்பிக் கூப்புடறேன்.”

அந்தப் பெண்மணி தங்கமானவர். சொன்னபடியே கேட்டார், சொன்னபடியே போனை வைத்தார். இவர் திரும்பக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாயைக் குறைத்து, வளர்மதி தலையில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, அதைத் திருப்பி அனுப்பவும் வைத்தார். அன்று மத்தியானம்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. விற்பனைதான் தட்டுத்தடுமாறி நடந்தது. அதற்கும் வந்தது ஆபத்து.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மாள், மகள் கல்யாணத்துக்கென்று அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை வாங்கினார். போன பார்சல் போன வேகத்தில் திரும்பிவந்தது. போனில் பளீரென்ற குங்குமச் சிவப்பாகத் தெரிந்ததாம், கையில் வந்தது கருஞ்சிவப்பாம். தப்பு யார்மேலும் இல்லை, போன்தான் தன் இஷ்டத்துக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறது. ஆனால் அவர், பெண்கள் கூடிப் புடவை பேசும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு மூன்றே பேர் வந்தார்கள். ஒருவர் ஓரிக்கையில் இருக்கும் வளர்மதியின் சித்தி. இன்னொருவர் எங்கள் தெருக்கோடியில் லைவ் போடும் போட்டிக்காரர். மூன்றாவது, தப்பாகக் கைபட்டு உள்ளே வந்தவர் போலிருக்கிறது, உடனே போய்விட்டார்.

லைவை முடித்துவிட்டு வளர்மதி பீரோவைத் திறந்து, கடையில் கட்டும் சீருடைப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். திரும்பிப் போய் நிற்கத் தயாராகிறாள் என்று எனக்கே தெரிந்தது. பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்!

தொட்டுப்பாரு திருநெல்வேலிக்குப் போன் போட்டார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். “இன்னாம்மா கொறை? சொல்லு, கேட்டுக்கறேன்” என்றார்.

“உங்க பொடவையைக் கொறை சொல்லலய்யா. தொட்டுப் பாத்து எடுத்திருந்தா இந்த வம்பே வந்திருக்காதுல்லா? இங்கன இருந்துகிட்டு நான் எப்படித் தொட?”

அவர் போனை வைத்தார். “அந்தம்மா சொல்றது நாயம் சார்” என்றார் என்னிடம். அப்புறம் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே தறிக்குப் போனார். வேறு வேலை இல்லாததால் நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

“இனிமே ஒவ்வொரு பொடவை முடிஞ்சதும் அதே கலர்ல, அதே பார்டரோட ஒரு ஜாண் சேத்து நெய்ஞ்சு குடுப்பா” என்றார் நெசவாளரிடம்.

“ஒரு ஜாண் எதுக்கு மாமா? பட்டுல கோவணம் கட்டப்போறியா?”

“தொட்டுப் பாக்க” என்றார் இவர்.

அந்த ஒரு ஜாணைக் கட்டைவிரல் அகலத் துண்டுகளாக வெட்டி, அவற்றில் அந்தப் புடவையின் எண்ணைக் கட்டி, தபால் கவரில் போட்டு அனுப்புவது என்று திட்டம். நேரலைக்கு வருகிறவர்கள் விலாசம் கொடுத்தால் போதும், துணி முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடும். வளர்மதி கத்தினாள்: “இது போன் வியாபாரம்பா! தபால் ஆபீஸ் வியாபாரம் இல்ல! பட்டைப் போய் யாராவது துண்டு போடுவாங்களா?”

“காபிதான் குடிக்க மாட்றாங்களே. அந்தச் செலவை இதுல போட்டுக்கோ.”

இதற்குள் நிஜ ஸ்டாண்டு வந்துவிட்டிருந்தது. நான் விடுதலை ஆகிவிட்டேன் என்று நினைத்தேன், தபால்தலை ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். முதல் கவர் திருநெல்வேலிக்கே போனது, நாலு வகைச் சிவப்போடு. அந்த அம்மாள் நேர்மையானவர். நாலு துண்டையும் உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து, ‘நான் தொட்டுப் பார்த்துட்டேன், நீங்களும் கேட்டு வாங்குங்க’ என்று அதே குழுவில் போட்டார். விலாசங்கள் வர ஆரம்பித்தன. நாக்கு வறண்டுபோகிற அளவுக்கு ஒட்டினேன்.

துண்டுகள்தான் போயின, புடவை இன்னும் விலைபோகவில்லை. அதற்குள் தீபாவளிக்கு முந்தைய சீசன் தொடங்கிவிட்டது. கடையில் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி நேரலை. சுவரில் ஆணியில் சீருடைப் புடவை தொங்குகிறது. வளர்மதி வணக்கம் சொன்னாள், முந்தைய சிரிப்பு இல்லை. தொட்டுப்பாரு ஒரு வாடாமல்லிப் புடவையைப் பிரித்தார்.

“மூணாம் நம்பர் துண்டைக் கையில எடுத்துக்கோங்கம்மா. எடுத்தாச்சா? இப்ப தொட்டுப் பாரு” என்றபடி, பழைய மாதிரியே முந்தானையைப் போன்மேல் வைத்து மூடினார்.

இந்தத் தடவை வளர்மதி கத்தவில்லை. அவர் நிதானமாக, வந்தவர்கள் எல்லாரும் தொட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் துணியை எடுத்தார். போனில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்து தெரியாது.

“இன்னாமா எழுதிக்கினு இருக்காங்க?”

வளர்மதி படித்தாள். திருச்சி, சேலம், துபாய், மறுபடியும் திருச்சி. எல்லாம் ஒரே வார்த்தை. “தொட்டாச்சாம்பா” என்றாள். “எல்லாரும் தொட்டாச்சுன்றாங்கபா.”

“அப்ப காபி போடு” என்றார் அவர்.

அன்று திருநெல்வேலி அம்மாளும் வந்திருந்தார். நாலு சிவப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போனில் கூப்பிட்டு விடாப்பிடியாகப் பேரம் பேசினார். இரண்டு முறை கோபித்துக்கொண்டு போனை வைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக! தொட்டுப்பாருவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை. அன்று பிரித்த புடவையெல்லாம் விற்றுவிட்டதால் திங்கட்கிழமை வளர்மதி கடைக்குப் போகவில்லை. அந்தச் சீருடைப் புடவை இப்போது பார்சல் கட்டுகிற மேஜைக்கு விரிப்பாகக் கிடக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்சல் கட்டுகிறாள்.

எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு தபால் கவர் வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டரோடு ஒரு சின்னப் பட்டுத் துண்டு மட்டும் இருந்தது. அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

தனிக்கட்டையான நான் புடவை வாங்கப்போவதில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் ஒவ்வொரு ஞாயிறும், “மாடிவீட்டு சார் வந்துட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் முதல் புடவையைப் பிரிக்கிறார். நானும் தூக்கத்தை விட்டு எழுந்து, காபி டம்ளரோடு போனுக்கு முன்னால் உட்காருகிறேன். “தொட்டுப் பாரு” என்று முந்தானை வந்து மூடுகிறது. அந்த இருட்டில் சட்டைப் பையிலிருக்கும் துண்டை எடுத்துத் தடவிவிட்டு, ‘தொட்டாச்சு மாமா’ என்று எழுதுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கையைத் தொட்ட மாதிரிதான் இருக்கிறது.