வெங்காய வயலில் நட்ட நாற்காலி

நிழல் நகரும் என்பது கோழிக்குத் தெரியும். தெருவில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நாலடி தள்ளிப் படுத்துக்கொள்கிறது. ஆசிரியர் பயிற்சியில் இருந்த எனக்கு மட்டும் ஒரே ஒரு நாள் அது மறந்துபோயிற்று. அன்றைக்கு நான் நடத்தவேண்டிய பாடமே நிழல்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஆதாரக் கல்வி என்று ஒன்று வந்து, பாடங்களெல்லாம் வகுப்பறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம். பிள்ளைகளை வயலுக்கும் வாய்க்காலுக்கும் கூட்டிப்போய், கண்ணில் படுவதைக் கொண்டே சொல்லித்தர எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். (மரத்தடியில் நின்று பேசுவதற்கு ரெண்டு வருஷப் படிப்பா என்று அப்பா கேட்டார். எனக்கு மூன்று வருஷம் வைத்திருக்கலாம்.) நான் திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் பிறந்தவன். எங்கள் சந்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே உச்சிப் பொழுதில் பத்து நிமிஷம்தான்.

கடைசித் தேர்வு வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நாலாம் வகுப்பை வெளியே கூட்டிவந்து, தேர்வாளர் முன்னால் பாடம் நடத்த வேண்டும். தேறினால் வாத்தியார் வேலை. தவறினால் சித்தப்பாவின் தோல் மண்டியில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவும் வேலை. சித்தப்பா தங்கமானவர். ஆனால் அவர் வீட்டுக்கு வருவதற்குக் கால் மணி முன்னதாகவே அவர் வாசனை வந்துவிடும்.

ஆகவே முந்தின நாள் சாயங்காலமே போய் இடம் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனி வேப்பமரம். அதற்குக் கிழக்கே களத்துமேடு, மேற்கே வெங்காய வயல். களத்துமேட்டில் நிழல் ஜமுக்காளம் விரித்தாற்போல் கிடந்தது. ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். வாளியில் சுண்ணாம்பு கரைத்து, அந்த நிழலின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டேன். உள்ளே பிள்ளைகள் உட்கார நாலு வரிசை. தேர்வாளரின் நாற்காலிக்குத் தனியாக ஒரு கட்டம். பாடக் குறிப்பில் நோக்கம் என்ற இடத்தில், ‘நிழலின் திசை மாறுவதை மாணவர் தாமே கண்டறிதல்’ என்று சிவப்பு மசியில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி. பங்குனி வெயில். என் கோடு ஒரு பிசிறில்லாமல் அப்படியே இருந்தது. நிழலைத்தான் காணவில்லை. அது மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் வெங்காய வயலில் சௌகரியமாகப் படுத்திருந்தது.

நிதானமுள்ளவன் சிரித்துவிட்டு, அதையே பாடமாக்கியிருப்பான். எனக்கோ மூக்கில் தோல் மண்டி வீசத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளைக் கோட்டுக்குள்ளேயே வரிசையாக உட்காரச் சொன்னேன். சுட்ட தரையில் அவர்கள் மாறி மாறிப் பிட்டம் தூக்கி உட்கார்ந்தார்கள். தேர்வாளர் கனத்த சரீரம். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கட்டத்துக்குள் நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிழல் இப்போது எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டேன்.

முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“மேக்க விழுகுது சார். நீங்கதேன் எங்களக் கெழக்க உக்கார வச்சிட்டீக.”

தேர்வாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். (சிரிப்பைத் துடைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது என் மார்க்கை அழிப்பதுபோல் இருந்தது.) பதறிப்போய், நிழலுக்குப் போய்விடலாம் ஐயா என்று அவரை எழுப்பி, நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெங்காய வயலுக்கு விடியற்காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். மேலே காய்ந்து ஆடை கட்டியிருந்ததால் கெட்டித் தரை என்று நினைத்துவிட்டேன். பாத்தி நடுவில் போட்டு, உட்காருங்கள் என்றேன்.

உட்கார்ந்தார். பிள்ளைகளும் ஓடிவந்து வரப்பில் நின்றார்கள். பாடத்தைத் தொடர்ந்தேன். நான் சூரியனைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல, அவர் ஒரு அங்குலம் இறங்கினார். இன்னொரு வாக்கியம், இன்னொரு அங்குலம். நாலாம் வகுப்பு முழுவதும் என்னை விட்டுவிட்டு அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் மார்புக்கு வந்ததும் தேர்வாளர், “தம்பி, சூரியன் மறையறதுக்குள்ள முடிச்சிருவியா, நான் மறையறதுக்குள்ளயா?” என்று நிதானமாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மண்வெட்டியோடு வந்தார் வயலுக்குச் சொந்தக்கார அம்மாள். தேர்வாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிதிபட்ட பாத்தியைப் பார்த்தார்.

“ஏப்பு, அம்புட்டு எடம் கெடக்கு, எங்காட்டுல வந்து நாக்காலிய நட்டு வச்சிருக்கியே, மொளைக்கிமா?”

நானும் பிள்ளைகள் எட்டுப் பேருமாக இழுத்துத் தேர்வாளரை மீட்டோம். நாற்காலி வரவில்லை. மண்வெட்டியால் தோண்டித்தான் எடுத்தோம். எல்லாம் முடிந்தது, இனி உப்புத்தான் என்று நின்றேன். அவர் என் பாடக் குறிப்பை வாங்கி, நோக்கத்தைப் படித்துவிட்டு, பக்கத்தில் எழுதித் தந்தார்: ‘நோக்கம் நிறைவேறியது. ஆசிரியரும் கண்டறிந்தார்.’

விளிம்பில் தேறினேன்.

பல வருஷம் எங்கெங்கோ வேலை பார்த்து, அறுபதுகளின் கடைசியில் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக மாற்றலாகி, மனைவியோடு போய் இறங்கினேன். யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற தைரியம். மறுநாளே பேரனைச் சேர்க்க வந்த அந்த வெங்காய வயல் அம்மாள் என் அறை வாசலில் நின்று, என்னையும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவியிடம் திரும்பினார்.

“அன்னைக்கி நட்டது, தாயி. இன்னைக்கித்தேன் மொளைச்சிருக்கு.”

முழுக் கதையையும் அவரே உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை ஒரு மாதிரி. முற்றத்தில் நாற்காலியைப் போட்டு நான் பத்திரிகை படித்தால், என் மனைவி ஒரு செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நிற்கிறாள். எனக்குத் தாகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாற்காலிக் காலடியில்தான் ஊற்றுகிறாள்.