அப்பா வாட்சின் பத்து நிமிடம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் கோபத்திற்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் சுகம். சித்தி வீட்டில் இரண்டு மாதம் டேரா போட்டிருந்த அம்மா இன்று மதியம் திரும்பி வந்து, அலுப்பில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் வாட்சும் பரிபூரண சுகம். இந்தக் கடைசி வரியைத்தான் நீ நம்ப மாட்டாய், ஆகவே இக்கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய், வாட்சைக் கையில் எடுத்தாய், உன் போனோடு வைத்துப் பார்த்தாய். இரண்டும் ஒரே நேரம் காட்டின. வேறு எவளாவது அக்காவாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நீயோ, “அப்பா வாட்ச் என்னைக்குடா சரியான நேரம் காட்டுச்சு? எப்பவும் பத்து நிமிஷம் முன்னாடி இருக்கும். உள்ள இருந்த மெஷினையே மாத்திட்டே!” என்று கத்தினாய். போட்டு வைத்த டீயைக்கூடத் தொடாமல், “எதையும் மாத்த மாட்டேன்னு சொன்னதாலதான் உன்கிட்ட விட்டு வெச்சேன். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துட்டுப் போறேன்” என்று செருப்பை மாட்டினாய். அக்கா, அப்பாவின் சட்டை ஒன்றுகூட எனக்குச் சேராது. இந்த வாட்ச் மட்டும்தான் அளவெடுத்த மாதிரி என் கையில் உட்காருகிறது. அதையும் பிடுங்கிக்கொண்டு போனால் எனக்குத் தாங்காது, சொல்லிவிட்டேன்.

நடந்ததைக் கேள். அப்பா போனபின் ஒரு வருடம் பீரோவில் கிடந்ததில் உள்ளே எண்ணெய் காய்ந்து வாட்ச் நின்றுபோயிற்று. அதனால்தான் ரிப்பேர்க் கடைக்கே போனேன். ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரிப்பேர்க்காரரிடம், நீ போனில் சொன்ன நிபந்தனைகளை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். டயல் பழுப்பேறிக் கிடக்கிறது, அது அப்படியே கிடக்க வேண்டும். மாடிப்படிக் கம்பியில் இடித்து நாலு மணிக்குப் பக்கத்தில் விழுந்த கீறலைத் தேய்க்கக் கூடாது. முள்ளை மாற்றக் கூடாது. பாலிஷ் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். “தொடலாமா சார்?” என்றார். பார்த்துத் தொடுங்கள் என்றேன். இரண்டு நாள் லீவு போட்டு அவர் எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித் தட்டில் வைக்க, நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பாழாய்ப்போன தும்மல் ஒன்று வந்தது, ஒரு திருகாணியைக் காணோம், இரண்டு பேரும் மேஜைக்கடியில் முக்கால் மணி நேரம் தவழ்ந்தோம். பயப்படாதே, என் சட்டைப் பையிலேயே இருந்தது. கடைசியில், பல் சக்கரங்களிலிருந்து சுரண்டியெடுத்த பிசுக்கை அவர் குப்பையில் போடப் போனார். பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அது அழுக்கு சார்.”

“எங்கப்பாவோட அழுக்குங்க.”

மனிதர் அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன், உறையை உதறிவிடாதே. இவ்வளவு பாடுபட்டவனைத்தான் மெஷினை மாற்றியவன் என்கிறாய்!

நீ போன மறுநாளே, திங்கட்கிழமை, மறுபடியும் கடைக்கு ஓடினேன். “பழையபடி பத்து நிமிஷம் தப்பா ஓட வைங்க” என்றேன். “இருபத்தெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு வாட்சையும் கெடுத்துக் குடுத்ததில்ல” என்றார். அப்பாவின் பழக்கத்தை விளக்கினேன். தினமும் சாயங்காலம் ரேடியோவில் மணி சொல்லும்போது முள்ளைச் சரியாக வைப்பார். மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது பத்து நிமிடம் முன்னால் இருக்கும். சாயங்காலம் வரைக்கும் அதே பத்துதான், ஒரு நிமிடம் கூடாது, குறையாது. “இது இதோட பிறவிக் குணம், எவனும் கை வைக்கக் கூடாது” என்று அவர் அடிக்கடி சொல்வாரே, அதையும் சொன்னேன். ரிப்பேர்க்காரர் தலையைச் சொறிந்தார். “வேகமா ஓடுற வாட்ச் நாள் பூரா வேகமா ஓடும். ராத்திரி மட்டும் ஓடிட்டு, பகல்ல ஒழுங்கா நடக்கிற வாட்சை நான் பார்த்ததே இல்ல.” பிறகு சம்பந்தமே இல்லாமல், “அப்ப வீட்ல யார் யார் இருந்தீங்க?” என்றார். அப்பா, அம்மா, அக்கா, நான் என்றேன். என்னவோ புரிந்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டார். எனக்கு வந்ததே எரிச்சல்! கெஞ்சிக் கூத்தாடி, வேகத்தைக் கூட்டுவதற்கு உள்ளே இருக்கும் சின்னக் கம்பியை நகர்த்தி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இப்போது நாளுக்குப் பத்து நிமிடம் கணக்காக முந்துகிறது. நேற்றுச் சரியாக வைக்க மறந்ததில் இன்று இருபது ஆகி, ஆபீஸ் காவலாளி வருவதற்கு முன்னாலேயே போய் கேட்டில் நின்றேன். அப்பா வாட்ச் அப்பா வாட்சாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார், டீயைக் குடி, வெறுங்கையோடு திரும்பிப் போ.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்குக் கோபம் குறைந்து ஆயுள் கூடட்டும்.

இப்படிக்கு,
ஒரு திருகாணியும் மாற்றாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா எழுந்து வந்தாள். அக்காவுக்கு என்னடா எழுதினாய் என்றாள். வாசித்துக் காட்டினேன். பத்து நிமிடம் வந்த இடத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது தானா ஓடினது இல்லடா. நான் ஓட்டினது.”

அப்பா கல்யாணத்தன்றைக்கே முக்கால் மணி நேரம் லேட்டாக வந்தாராம். அத்தனை பேர் முன்னாலும் தனியாக உட்கார்ந்திருந்தவள், மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்: காலையில் அப்பா குளிக்கப் போனதும் முள்ளைப் பத்து நிமிடம் தள்ளி வைப்பது. முப்பத்தாறு வருடம், ஒரு நாள் தவறாமல்! அப்பா எங்கேயும் லேட்டாகப் போனதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்தோமே அக்கா! ஆகமொத்தம், வாட்ச் என்றைக்குமே சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அதைக் கெடுத்தவன் நான், கெடுக்க வைத்தவள் நீ. நாளைக் காலையில் ரிப்பேர்க்காரர் காலில் விழப் போகிறேன்.

“அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? முதல்ல பீரோ மேலதான் வெப்பார். எனக்கு எட்டாது. ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறினதைப் பார்த்துட்டார். ஒண்ணும் கேக்கல. மறுநாள்லேர்ந்து மேஜை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனார்.”

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. வாட்சை எடுத்துக்கொள், தடுக்கவில்லை. ஆனால் எதுவும் மாறாமல் அப்படியே வேண்டுமென்றால் அம்மாவையும் சேர்த்துத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவை நான் அனுப்ப மாட்டேன்.