திராட்சைப் பந்தலில் என் முதல் இசைத்தொகுப்பு

கலைஞன் ஆவது என்று நான் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று காலையிலிருந்து தகரம் தட்டிக்கொண்டிருந்தேன்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு மோட்டார் கடையில் வாரத்துக்கு ஆறு நாள் நிற்கிறேன். ஏழாம் நாள் என் மனைவி உமாதேவியின் அண்ணன் ஈஸ்வரபாண்டி மச்சானுக்குச் சொந்தம். கம்பத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. பழம் கறுக்கத் தொடங்கினால் மைனாக்கள் குடும்பம் குடும்பமாக வரும். கூலிக்கு வரும் ஆளுக்கு ஞாயிறு லீவு. அதனால் நான். பந்தலுக்கு அடியில் குனிந்தபடியே நடக்க வேண்டும், எண்ணெய் டின்னைத் தட்ட வேண்டும், 'ஏய்... ஓய்...' என்று கத்த வேண்டும். நான் பி.காம். முதல் வகுப்பு. கம்பத்தில் திராட்சை வருடம் முழுக்கக் காய்க்கும் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுக்கவும் முடியாது. மகளுக்கு வைகாசியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடி கோபித்துக்கொண்டால் காது அப்படியே நிற்கும்.

வழி காட்டியவன் கடையில் என்னோடு வேலை பார்க்கும் விஜய்பாண்டி.

"சுருளிண்ணே, மனசுல இருக்கிற கடுப்பை வீட்லயே ரெக்கார்ட் பண்ணி மியூசிக்கா விடுறாகண்ணே. ராகம் வேணாம், தாளம் வேணாம். எக்ஸ்பெரிமெண்டல்."

"பாடத் தெரியணுமா?"

"தெரிஞ்சாக் கெட்டுப்போகும்ணே."

அந்தத் தகுதி என்னிடம் நிறையவே இருந்தது. போனோடு பாத்ரூமுக்குள் போனேன். தண்ணீர் ஏறாமல் உறுமும் மோட்டார், துருப்பிடித்த கதவு, காலி வாளி, மச்சான் வீட்டு எண்ணெய் டின் ஒன்று. எல்லாவற்றையும் பதிவு செய்தேன். நடுவில் மச்சானை நாலு நிமிடம் வைதேன். ஆறு வருடத்துச் சரக்கு, தங்கு தடையில்லாமல் வந்தது. பிறகு விஜய்பாண்டி என் போனில் ஏற்றிக் கொடுத்த ஆப்பில் அந்த வசவை மட்டும் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்படி திருப்பிப் போட்டேன். வைத எனக்கே ஒரு வார்த்தை புரியவில்லை. இவ்வளவு பத்திரமாக நான் யாரையும் வைததே இல்லை.

'ஏழாம் நாள்' என்று பேர் வைத்து இணையத்தில் ஏற்றினேன். மூன்று பேர் கேட்டார்கள். ஒன்று நான். ஒன்று விஜய்பாண்டி. மூன்றாவது உமாதேவி.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. இது மியூசிக். உள்மனசோட குரல்."

"உள்மனசுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

"கலைன்னா அப்படித்தான் இருக்கும்."

"நடுவுல யாரோ பேசுறாகளே?"

"அது ஒரு வாத்தியம்."

"வாத்தியம் பல்லைக் கடிக்குமா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனாள். உமாதேவி பேசினால் எனக்குப் பயமில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டவள் பக்கத்தில் என் பாட்டையும் போட்டு வைத்தாள். ஒரு காக்காய் அண்டவில்லை. அன்றைக்கே பாட்டு கம்பத்துக்குப் போய்விட்டது.

"எங்கண்ணன் பந்தல்ல பேட்டரி ஸ்பீக்கர் கட்டி ஓடவிட்டாகளாம். ஒரு மைனா அங்கன தங்கலையாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான்?"

"நீங்க எதுக்கு? அதேன் பாட்டு இருக்குல்ல."

நான் வேண்டாம் என்று யாரும் இவ்வளவு இனிமையாகச் சொன்னதில்லை. மூன்று ஞாயிறு சொர்க்கம். காலையில் பத்து மணி வரை தூக்கம், மத்தியானம் கறிக்குழம்பு, மறுபடி தூக்கம். மகளோடு உட்கார்ந்து பொம்மைக்குத் தலை சீவினேன். முதுகு நிமிர்ந்து ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டேன் என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

நாலாவது வாரம் மச்சானிடமிருந்து உமாதேவிக்குப் போன் வந்தது.

"மைனாவுக்குப் பாட்டுப் பழகிருச்சாம். ஸ்பீக்கர் மேலேயே உக்காந்து பழந்திங்குதாம். புதுசா ஒண்ணு போடுங்க."

போட்டேன். ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேனே, என்ன செய்வது? கத்தினால் தாலாட்டு வந்தது. வாளியைத் தட்டினால் தாளம் வந்தது. கதவுகூடச் சுருதியில் கிரீச்சிட்டது. இரண்டே நாளில் தகவல் வந்தது: பக்கத்துத் தோட்டத்து மைனாக்களும் பாட்டுக் கேட்க வந்துவிட்டன.

உமாதேவி துணி மடித்துக்கொண்டே யோசித்தாள்.

"ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்குறீக. அதேன் குரல்ல வேதனையே இல்ல. நாளைக்குத் தோட்டத்துக்குப் போயி சாயங்காலம் வரைக்கும் தகரந் தட்டுங்க. வந்த சூட்டோட பாத்ரூமுக்குள்ள போயி ரெக்கார்டு பண்ணுங்க. வாராவாரம் அப்படியே செஞ்சா பாட்டுக்குப் பாட்டும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு."

ஆறு வருடத்தில் முதல் முறையாக நான் எழுந்து நின்றேன்.

"முடியாது! என் ஞாயித்துக்கிழமை என்னோடது. நான் கலைஞன்!"

"சரி, போகாதீக." அடுத்த துண்டை எடுத்து உதறினாள். "அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டாக. மொதப் பாட்டுல நடுவுல பேசுறது மாப்ள குரல் மாதிரி இருக்கே, என்ன பேசுறாகன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வாத்தியம்னு சொல்லியிருக்கேன். விஜய்பாண்டி தம்பி எனக்கும் அந்த ஆப்பை ஏத்திக் குடுத்துச்சு. அன்னைக்கே திருப்பிப் போட்டுக் கேட்டுட்டேன், நாலு நிமிசமும். எங்கப்பாவைக்கூட விட்டு வைக்கல நீங்க." போனை எடுத்தாள். அண்ணன் பேருக்கு நேரே கட்டைவிரல் நின்றது. "வைகாசிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. நேரா ஓடுற பாட்டை அண்ணனுக்கு அனுப்பவா?"

"டின்னை எங்கன வச்ச?" என்றேன்.